நீச்சல் தெரிந்தால் போதுமா?

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். குப்பத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

படகு வேலையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும் என்று போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துத் தரணுமா சார்? மீனவன் பிள்ளைக்குக் கடலைப் பத்தி வகுப்பா?" அதற்கு ஏகப்பட்ட சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் என் பழைய மாணவர்கள் பதினோரு பேர். எண்ணிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி போகுமா?

தம்பி, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. சண்டை போட அல்ல. ஆனால் விட்டுக்கொடுக்கவும் போவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு சாவுக்குப் போனேன். இறந்த பையனுக்கு வயது 21. அவனுக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவன் நான். அவன் அப்பாவுக்கும் நான்தான் எடுத்தேன். பைபர் படகில் மூன்று பேர் விடியற்காலையில் மீன் பிடித்துத் திரும்பியிருக்கிறார்கள். முகத்துவாரத்துக்குள் நுழையும் நேரத்தில் படகுக்குள் கிடந்த கயிறு ஒன்று நழுவி விழுந்து எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றது. படகு திரும்பி அலைக்குப் பக்கவாட்டைக் காட்டியது. முதல் அலையில் தண்ணீர் ஏறியது, இரண்டாவது அலையில் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். பையனின் காலில் நங்கூரக் கயிறு சுற்றியிருந்தது. கத்தி இருந்தது. சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. உயிர்காப்பு மிதவைச் சட்டையும் இருந்தது. வீட்டுப் பரண்மேல், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு.

அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சார், அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும் சார். நீங்களே பாத்திருக்கீங்களே சார்."

ஆமாம், பார்த்திருக்கிறேன். மாசி மகத்தன்று மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு நம் கரைக்கு வந்தபோது, அத்தனை கூட்டத்துக்கு நடுவே தண்ணீரில் தவறிப்போன ஒரு சின்னப் பிள்ளையை நொடியில் தூக்கி வந்தவன் அவன். அவனுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. நீச்சல் அவன் கேட்ட கேள்விக்குப் பதிலாக இல்லை. அவ்வளவுதான்.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் குஞ்சு எஞ்சின் ஓட்டுவதில்லை. ஐஸ் பெட்டி ஏற்றுவதில்லை. கயிறு கட்டுவதில்லை. நம் பிள்ளைகள் மீன்கள் இல்லை தம்பி, படகுத் தொழிலாளிகள். கொத்தனார் வேலையையும் எலக்ட்ரீஷியன் வேலையையும் போல இதுவும் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய தொழில். இரத்தத்தில் வருவதில்லை.

"எங்க தாத்தா எந்தப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டாரு?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி. என் அப்பாவும் கட்டுமரக்காரர்தான். அவர் படித்த பள்ளிக்கூடம் எது தெரியுமா? நம் கரையில் இருந்த மணல்.

1960-களில் வைத்திக்குப்பத்துக்குக் கிழக்கே கருங்கல் கிடையாது, மணல்தான். எட்டு வயதில் நாங்கள் உடைந்த மரத்துண்டுகளைக் கட்டி அலையில் தள்ளி விளையாடினோம். கவிழ்ந்தோம், ஏறினோம், மறுபடி கவிழ்ந்தோம். மேட்டில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் அங்கிருந்தே திட்டுவார்கள். "டேய், அலைக்கு மூஞ்சியக் காட்டுடா, முதுகக் காட்டாதே!" அந்தத் திட்டுதான் பாடம். பத்து வயதில் அப்பாவோடு கரை ஓரமாக, பன்னிரண்டில் கொஞ்சம் தள்ளி, பதினைந்தில் துடுப்பு கைக்கு வரும். ஏழு வருடப் படிப்பு. பட்டப் படிப்பைவிட நீளம்.

1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கல்லணைகள் வந்தன. நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அணை அதைத் தடுத்தது. வடக்கே இருந்த கரைகளைக் கடல் தின்றது. தின்னாமல் இருக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கடற்கரைச் சாலையிலிருந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் வரைக்கும் நடந்து பாருங்கள், புரியும். மணல் போனது என்று எல்லோரும் எழுதினோம், வீடு போனது என்று எழுதினோம். பள்ளிக்கூடம் போனது என்று யாராவது எழுதினோமா? கருங்கல்மேல் நின்று எட்டு வயதுப் பிள்ளை மரம் தள்ளி விளையாட முடியுமா?

இரண்டாவது, படகே மாறிவிட்டது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாக பைபர் படகுகள் குவிந்தன. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சீக்கிரம் போகலாம், தூரம் போகலாம், நிறைய ஏற்றலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. ஏறும் தண்ணீர் அப்படியே வழிந்து போகும். கவிழ்ந்தாலும் மிதக்கும், பிடித்து ஏறிக்கொள்ளலாம். அது பிழையை மன்னிக்கும் கலம். பைபர் படகு ஒரு தொட்டி. தண்ணீர் ஏறினால் உள்ளேயே நிற்கும். மிதவை அறைகள் சரியில்லாவிட்டால் முழுகியே போகும்.

மன்னிக்கும் கலத்தை ஓட்ட நம் தாத்தாக்கள் ஏழு வருடம் படித்தார்கள். மன்னிக்காத கலத்தை ஓட்ட நம் பிள்ளைகள் ஏழு நாள்கூடப் படிப்பதில்லை. எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்யத் தெரிந்தால் அவன் ஓட்டுநர். இதுதான் என் வழக்கு. இதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.

"அப்படி என்ன பெரிய படிப்பு இதுல?" என்பீர்கள். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் எடுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்று, அலை. ஏழாவது அலைதான் பெரிது என்பார்கள். அது கணக்கு இல்லை. ஆனால் அலைகள் கூட்டமாக வரும், பெரிய அலைகள் சில வந்தபின் ஒரு தணிவு வரும் என்பது உண்மை. முகத்துவாரத்துக்கு வெளியே நின்று இரண்டு மூன்று கூட்டங்களைப் பார்த்துவிட்டு, தணிவில் நுழைய வேண்டும். அலை எங்கே உடையும்? ஆழம் அலையின் உயரத்தைப் போல் சுமார் ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில். இரண்டு மீட்டர் அலை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும். மணல் மேடிட்ட முகத்துவாரம் ஏன் ஆளைக் கொல்கிறது என்பதற்கு விளக்கம் இதுதான். ஆற்று வெள்ளம் வெளியே பாயும்போது எதிரே வரும் அலை இன்னும் செங்குத்தாக எழும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டும் சேர்ந்து வரும்.

இரண்டு, எஞ்சின் நின்றால் என்ன செய்வது. நம் பிள்ளைகள் செய்வது என்ன? மூன்று பேரும் எஞ்சினிடம் ஓடுகிறார்கள். பின்பக்கம் தாழ்கிறது, படகு திரும்புகிறது. செய்ய வேண்டியது என்ன? ஒருவன் எஞ்சினிடம், ஒருவன் அணியத்துக்கு. அணியத்திலிருந்து நங்கூரம் உடனே இறங்க வேண்டும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும். கயிறு குறைந்தால் நங்கூரம் பிடிக்காது. பிடித்தால் படகின் மூக்கு தானாக அலையைப் பார்க்கும். நங்கூரம் பிடிக்காத ஆழம் என்றால், வலையையோ கூடையையோ கயிற்றில் கட்டி மூக்கிலிருந்து மிதக்கவிட்டால் அது இழுத்துப் பிடிக்கும். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். நங்கூரம் ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடந்தால் நடக்குமா?

மூன்று, எடை. கடல்நீர் ஒரு கன மீட்டர் 1025 கிலோ. படகுத் தளம் ஐந்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்று வையுங்கள். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அரை கன மீட்டர். ஐந்நூறு கிலோவுக்கு மேல்! கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று விடுகிறோம். அந்த ஐந்நூறு கிலோவும் படகு சாயும் பக்கத்துக்கே ஓடும். முதல் அலையில் ஏறிய தண்ணீர்தான் இரண்டாவது அலைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

நான்கு, கயிறு. இழுக்க இழுக்க இறுகாமல், வேலை முடிந்ததும் ஈரத்திலும் கையால் அவிழ்கிற கண்ணி ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட வரும். இன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் முடிச்சுமேல் முடிச்சு போடுகிறார்கள், பிறகு கத்தியைத் தேடுகிறார்கள். கயிற்றைச் சுருட்டி வைப்பதும் ஒரு பாடம். சுருட்டாமல் கிடக்கும் கயிறு, கால் வைக்கக் காத்திருக்கும் சுருக்கு. கத்தி இடுப்பில் இருக்க வேண்டும், பையில் அல்ல.

ஐந்து, ஆள் தவறி விழுந்தால். ஒருவன் மிதப்பதை எறிய வேண்டும். ஒருவன் விழுந்தவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அலைக்கு நடுவே ஒரு தலை எவ்வளவு சீக்கிரம் மறையும் என்பது போனவனுக்குத் தெரியும். பக்கத்தில் போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும். அவுட்போர்டு எஞ்சினில் சிவப்பு நிறத்தில் ஒரு சுருள் கயிறு தருகிறான், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. ஓட்டுபவன் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். அதை எத்தனை படகில் எஞ்சினிலேயே சுற்றிக் கட்டி வைத்திருக்கிறீர்கள்? கையை மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

ஆறு, வழி. ஜிபிஎஸ் நல்ல கருவி. பேட்டரி தீர்ந்தால் அது ஒரு டப்பா. திசைகாட்டி, விண்மீன், கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடிப்பது, வாடையா கச்சானா கொண்டலா என்று காற்றைப் பார்ப்பது, இவை டப்பா ஆகாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்களை இழந்தோம். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் நம் தலைமேலேயே கரையேறியது. முன்னெச்சரிக்கை வந்தது, படகுகள் கரையில் நின்றன. புயல் எச்சரிக்கை முன்னேறிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் நான் போன சாவுகள் பலவும் புயல் நாளில் நடந்தவை இல்லை. வெயில் அடித்த சாதாரண நாளில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்தவை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"மிதவைச் சட்டை போட்டுக்கிட்டு வலை இழுக்க முடியாது சார். வெயில்ல வெந்துடுவோம்." உண்மை. நான் மறுக்கவில்லை. அந்தத் தடித்த ஆரஞ்சுச் சட்டையைத் தைத்தவன் வலை இழுத்தவன் இல்லை. நாள் முழுக்கப் போடச் சொல்லவில்லை. முகத்துவாரம் தாண்டும்போது போடுங்கள். போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம். இருபது நிமிடம் வேர்த்தால் யாரும் சாகமாட்டார்கள்.

"முகத்துவாரத்தைத் தூர்வாராம விட்டது யாரு? அவங்களக் கேளுங்க." கேட்போம். போராட்டத்துக்குக் கூப்பிடுங்கள், முழங்கால் வலியோடு நானும் வந்து உட்காருகிறேன். ஆனால் தூர்வாரியது மறுபடி மேடிடும். அடுத்த தூர்வாருதல் வரும்வரை பிள்ளைகள் அந்த மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சாலை குண்டும் குழியுமாக இருப்பது அரசின் குற்றம். அதற்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் இருப்போமா?

"படகோட்டவும் லைசென்ஸ் கேக்குறீங்களா சார்?" இல்லை. திட்டவட்டமாக இல்லை. உரிமம் என்றால் இன்னொரு கவுண்டர், இன்னொரு புரோக்கர், இன்னொரு கவர். நான் கேட்பது பயிற்சி. கொச்சியில் 1963 முதல் மத்திய அரசின் மீன்வள, கடல்வழி, பொறியியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, சென்னையிலும் கிளை உண்டு. நல்ல நிறுவனம். ஆனால் அது பெரிய கலங்களுக்கு ஆள் தயாரிக்கிறது, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பத்தாவதில் தவறியவன்தானே நம் பைபர் படகில் ஏறுகிறான்? யாருக்கு மிகவும் தேவையோ அவனுக்கு வாசலே இல்லை.

"கடலுக்குப் போனா நாலு பேரு சாகத்தான் செய்வாங்க, விதி." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஐஸ்லாந்து என்று ஒரு சின்ன நாடு. நம்மைப் போல மீனை நம்பியது, நம் கடலைவிடக் கொடிய கடல். 1985-ல் அங்கே மீட்புச் சங்கத்தார் கடலோடிகளுக்கு ஒரு பாதுகாப்புப் பள்ளி தொடங்கினார்கள். பழைய கப்பல் ஒன்றையே பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். பிற்பாடு அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2008-ல் அந்த நாட்டில் ஒரு கடலோடிகூடக் கடலில் சாகவில்லை. விதி அங்கே மட்டும் விடுமுறையா எடுத்தது? உலகம் முழுக்க வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தொழிலில் சாகிறார்கள் என்று 2022-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அவ்வளவு பேருக்கும் விதி என்று எழுதிவிட்டால் வாத்தியார் எதற்கு, அரசு எதற்கு, பஞ்சாயத்து எதற்கு?

அரசையும் பஞ்சாயத்தையும் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது யோக்கியம் இல்லை.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எத்தனை முறை எடுத்திருப்பேன்! அரசனின் கிரீடம், குளியல் தொட்டி, தெருவில் ஓடிய கதை. பிள்ளைகள் சிரிப்பார்கள். கூப்பிடு தூரத்தில் கட்டுமரம் கிடந்தது. கேட்டமரன் என்று உலகமே சொல்லும் சொல் நம் கரையிலிருந்து போனது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வகுப்பை அங்கே கூட்டிப்போய் "இது ஏன் முழுகுவதில்லை சொல்லு" என்று கேட்டேனா? இல்லை. அதற்குப் பதில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ மரம் தள்ளத்தான் லாயக்கு." அந்தப் பையனின் அப்பாவிடம் சொன்னேன், 1990-களில். பையனிடமும் சொன்னேன். மரம் தள்ளும் மனிதர் சம்பாதித்த காசில் படித்து வாத்தியார் ஆனவன் நான். என் வாயில் வந்த வார்த்தை அது.

கடல் தொழிலைத் தண்டனை என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். தண்டனையை யாராவது முறையாகக் கற்றுக்கொள்வார்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் கறியையும் கெடுத்தேன். எல்லா ஆசிரியர்களையும் சொல்லவில்லை. என்னைச் சொல்கிறேன். தொப்பி பொருந்துகிறவர்கள் மாட்டிக்கொள்ளலாம்.

சரி, என்ன செய்யலாம்? வாத்தியார் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகக்கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. அந்த 61-ல் பத்து நாள் கொடுங்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் நம் பெரியவர்கள். வாடையில் நாற்பது வருடம் போய் வந்தவரைவிட வேறு பேராசிரியர் யார்? அவர்களுக்கு, வகுப்புக்கு வரும் கௌரவ ஆசிரியருக்குக் கொடுப்பதைப் போல மதிப்பூதியம் கொடுங்கள். சும்மா வாங்க தாத்தா, சொல்லிட்டுப் போங்க என்று கூப்பிடாதீர்கள். எஞ்சினுக்கு ஒரு மெக்கானிக், முதலுதவிக்கு ஒரு செவிலியர், அலைக் கணக்குக்கு நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

புதிய கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பையில்லாமல் வந்து உள்ளூர்த் தொழிலைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கொள்கைமேல் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அந்தப் பத்து நாளில் ஒரு நாளாவது கடலோரப் பள்ளிப் பிள்ளைகள் படகுத்துறைக்குப் போகட்டும், கயிறு கட்டிப் பழகட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை மட்டும் அல்ல, எல்லாப் பிள்ளையும். மற்றவர்கள் முன்னால் நம் பிள்ளை கண்ணி போட்டுக் காட்டும் அந்த ஒரு நாள், அவன் தலை நிமிரும்.

ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனையோ விஷயத்துக்கு அபராதம் போடுகிறீர்கள், ஊரும் கட்டுகிறது. மிதவைச் சட்டை இல்லாமல் முகத்துவாரம் தாண்டினால் அபராதம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்தச் சட்டமும் செய்யாததை அது செய்யும். ஒவ்வொரு படகின் உள்பக்கமும் 1554 என்று பெரிதாக எழுதி வையுங்கள். கடலோரக் காவல்படையின் இலவச எண். ஆபத்து நேரத்தில் யாருக்கும் எண் ஞாபகம் வராது.

தாய்மார்களே, கூடை தூக்கி விற்றுக் குடும்பம் நடத்துவது நீங்கள். பல வீட்டில் எஞ்சினுக்குக் கடன் வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். இன்று இரவு பரணைப் பாருங்கள். உறை பிரிக்காத சட்டை இருந்தால் பிரித்துக் கதவோரம் மாட்டுங்கள்.

சிரித்த தம்பிக்கு ஒரு கடைசி வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் கரையில் இருப்பேன். கையில் மூன்று முழம் கயிறு இருக்கும். அந்த இறுகாத கண்ணியை எனக்கே இப்போது ஒழுங்காகப் போட வரவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தது, மறந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள். மூன்று பேராகக் கற்றுக்கொள்வோம்.

பதினோரு பேரும் வந்தால் இன்னும் நல்லது. கயிறு நிறைய இருக்கிறது.